மெல்லக் கற்பவர் என்று எழுதும் முன்

மல்லாட்டை இலையில் புள்ளி விழ ஆரம்பித்தால் நம்ம மாவட்டத்து விவசாயி உரக்கடையில் போய்க் கேட்பது எம்-45. உள்ளே இருக்கும் ரசாயனத்தின் பெயர் மேன்கோசெப். அது ஒரு பூஞ்சைக்கொல்லி. ஆனால் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பூச்சிக்கு அடித்தாலும் பூஞ்சைக்கு அடித்தாலும் ஒரே பேர்தான்: மருந்து. "இன்னைக்கு மருந்து அடிக்கிறோம்", "மருந்து வாடை அடிக்குது". விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்த பிறகு, அது யாருக்கெல்லாம் போய்ச் சேருது என்று யாரும் கேட்பதில்லை.

யாருக்குப் போய்ச் சேரும்? அடிக்கிற கூலிக்காரருக்கு முதலில். அப்புறம் வயல் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வயல் ஓரத்திலும் குடிசை போட்டு வாழ்பவர்களில் இருளர்கள் நிறையப் பேர். "ஜெய் பீம்" பார்த்து நாம எல்லாரும் அழுதோமே, அதே மக்கள்தான். வயலில் எலி பிடிப்பது, கரும்பு வெட்டுவது, செங்கல் சூளையில் கல் அறுப்பது என்று அவர்கள் வேலை பெரும்பாலும் மண்ணிலும் தண்ணீரிலும்தான். குழந்தைகளும் அங்கேயேதான் விளையாடும். இந்தப் பக்கம் போளூர் வழியாக மேலே ஏறினால் ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை, மலையாளிப் பழங்குடி மக்கள்.

இந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் பல பேருக்கு ஒரு முத்திரை காத்துக்கிட்டு இருக்கு. அரசு மொழியில் "மெல்லக் கற்பவர்". வகுப்பறை மொழியில் மக்கு. "அவங்க அப்படித்தான், படிப்பு ஏறாது" என்று நல்ல மனசுள்ள டீச்சர்களே சொல்வார்கள். சாதியைச் சொல்லாமல் சாதியைச் சொல்லும் வாக்கியம் அது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஒரு குழந்தையின் மூளையைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால், அந்தக் குழந்தையின் உப்பையும் தண்ணீரையும் ரத்தத்தையும் அளக்க வேண்டும். அதில் ஒரு பங்கை நம்ம காலேஜே செய்ய முடியும்.

ஏன் ரத்தம்? ஏன் உப்பு? இதுக்கு தைராய்டு எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பார்க்கணும். பயப்படாதீங்க, இது நமக்குத் தெரிஞ்ச கன்ட்ரோல் சிஸ்டம்தான்.

ஹாஸ்டல் மொட்டை மாடி டேங்கை நினைச்சுக்கோங்க. டேங்கில் தண்ணீர் குறைஞ்சா சென்சார் மோட்டாரை ஆன் பண்ணும், நிரம்பினா ஆஃப் பண்ணும். நெகட்டிவ் ஃபீட்பேக். உடம்பில் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் அந்த சென்சார். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது டிஎஸ்ஹெச் என்ற சிக்னலை அதிகமாக அனுப்பும். கழுத்தில் இருக்கும் தைராய்டு அதைக் கேட்டு டி4 ஹார்மோனை அதிகம் சுரக்கும். டி4 செய்ய மூலப்பொருள் அயோடின். ஒரு மூலக்கூறுக்கு நான்கு அயோடின் அணு, அதனால்தான் அந்த 4.

இப்போ டேங்கில் எங்கேயோ ஒரு சின்ன லீக் என்று வைத்துக்கொள்வோம். மாடியில் போய்ப் பார்த்தால் டேங்க் ஃபுல்லாத்தான் இருக்கும். ஆனால் மோட்டார் நாள் முழுக்க ஓடிக்கிட்டு இருக்கும். கரன்ட் பில் வந்தால்தான் விஷயம் தெரியும். உடம்பும் அப்படித்தான். டி4 இன்னும் சரியாகவே இருக்கும், டிஎஸ்ஹெச் மட்டும் ஏறிக்கொண்டே போகும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழுத்து வீங்கித் தெரியும்போது மோட்டார் பல காலம் அதிகமாக ஓடி முடித்திருக்கும்.

பெரியவர்களுக்கு இது களைப்பு, எடை, மலச்சிக்கல் என்று முடியலாம். குழந்தைக்கு அப்படி இல்லை. வயிற்றில் இருக்கும் சிசுவின் மூளை முதல் மாதங்களில் அம்மாவின் டி4-ஐ நம்பித்தான் வளர்கிறது. பிறந்த பிறகு முதல் இரண்டு மூன்று வருஷம் மூளைக்கு அந்த ஹார்மோன் கண்டிப்பாக வேண்டும். பிறவியிலேயே தைராய்டு குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. பிறந்த சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தால் தினமும் ஒரு சின்ன மாத்திரை போதும், குழந்தை எல்லாரையும் போல வளரும். தாமதமானால் போன அறிவுத்திறனை எந்த மாத்திரையும் திருப்பித் தராது. பள்ளி வயசில் வரும் குறைபாடு மூளையை அந்த அளவுக்குக் கெடுக்காது. ஆனால் உயரம் நின்றுபோகும், தூக்கம் வரும், கவனம் சிதறும். வகுப்பில் அது எப்படித் தெரியும்? மந்தம், சோம்பேறி, மக்கு.

இந்த லூப்பை வெளியிலிருந்து வரும் ரசாயனங்கள் கலைக்க முடியும் என்பதற்கு உலகத்தில் நன்றாகப் பதிவான உதாரணம் ஒரு பழங்குடி ஊரிலிருந்தே வருகிறது. அமெரிக்க, கனடா எல்லையில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் அக்வசாஸ்னே என்று ஒரு ஊர். மோஹாக் பழங்குடி மக்கள் வாழும் இடம். ஆற்று மீன்தான் அவர்கள் சாப்பாடு. பக்கத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸ் 1959-ல் ஒரு அலுமினிய வார்ப்பு ஆலை திறந்தது. அங்கே ஹைட்ராலிக் எண்ணெயில் பிசிபி பயன்படுத்தினார்கள். இஇஇ நண்பர்களுக்குத் தெரிந்த பெயர்தான். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்ததும் அதுவே. அது சீக்கிரம் சிதையாது, கொழுப்பில் போய்த் தங்கும். ஆற்றிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும், அம்மாவிலிருந்து குழந்தைக்கும் போகும். சில பிசிபி-க்களின் வடிவம் தைராய்டு ஹார்மோனின் வடிவத்தைப் போலவே இருப்பதால், ரத்தத்தில் அந்த ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தில் இவை போய் உட்கார்ந்துகொள்ளும்.

அங்கே இதை முதலில் கேள்வியாக்கியவர்களில் ஒருவர் கட்ஸி குக் என்ற மோஹாக் மருத்துவச்சி. பிரசவம் பார்க்கும் பெண்கள் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: என் பால் குழந்தைக்குப் பாதுகாப்பானதா? 1985-ல் அவர் தாய்ப்பாலைச் சோதிக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பிறகு அல்பனி பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஷெல் குழுவும் ஊர் மக்களும் சேர்ந்து பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 10 முதல் 17 வயது வரையான 232 பிள்ளைகளின் முடிவுகள் 2008-ல் வெளிவந்தன. உடம்பில் பிசிபி அதிகமுள்ள பிள்ளைகளுக்கு டிஎஸ்ஹெச் கூடுதலாகவும், டி4 குறைவாகவும் இருந்தது. லீக் ஆகிற டேங்க், ஓடுகிற மோட்டார். ஒவ்வொரு பிள்ளையும் நோயாளி என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஊர் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலின் நன்மை ரொம்பப் பெரியது. பாலில் கலக்கும் இடத்தை அடைக்க வேண்டியது தொழிற்சாலையின் வேலை, தாயின் வேலை இல்லை.

அக்வசாஸ்னேயில் எனக்கு முக்கியமாகப் படுவது முடிவு மட்டும் இல்லை, அளந்த விதம். ஊர் மக்கள் தங்களுக்கென்று ஒரு சுற்றுச்சூழல் குழு வைத்திருந்தார்கள். ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கு அவர்கள் போட்ட நிபந்தனை மூன்று: மரியாதை, சம உரிமை, ஊருக்குப் பலம் சேர்ப்பது. மாதிரி எடுத்ததும் வீடு வீடாகக் கேள்வி கேட்டதும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ரத்தத்தை எடுத்துக்கொண்டு ஓடி, பேப்பர் போட்டு, பதவி உயர்வு வாங்கும் கதை அங்கே நடக்கவில்லை.

சரி, அமெரிக்கா இருக்கட்டும். நம்ம தமிழ்நாட்டில்?

சிவகாசிக்குப் போவோம். பட்டாசில் ஆக்சிஜன் கொடுக்கும் வேலையைச் செய்யும் ரசாயனங்களில் ஒன்று பெர்குளோரேட். தண்ணீரில் சுலபமாகக் கரையும், நிலத்தடிக்கு இறங்கிவிடும். இதுக்கும் தைராய்டுக்கும் நேரடிச் சண்டை. ரத்தத்திலிருந்து அயோடினை உள்ளே இழுக்க தைராய்டு செல்லில் ஒரு வாசல் இருக்கிறது. பெர்குளோரேட் அயனியின் அளவும் மின்னூட்டமும் அயோடைடு போலவே இருப்பதால் அந்த வாசலில் இது முந்திக்கொண்டு நிற்கும். அயோடின் வெளியே நிற்க வேண்டியதுதான். அதனாலேயே ஒரு காலத்தில் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய்க்கு டாக்டர்கள் இதையே மருந்தாகக் கொடுத்தார்கள். 2013-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஜப்பானிய, இந்திய விஞ்ஞானிகள் சிவகாசி, மதுரைப் பகுதித் தண்ணீரைச் சோதித்தார்கள். சிவகாசியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டி இருந்தது. அதிகபட்சம் 7,690. மதுரையில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. அந்தத் தண்ணீரின் நிறமோ ருசியோ எதையும் காட்டிக் கொடுக்காது. கருவி வைத்து அளந்ததால்தான் தெரிந்தது.

இப்போ மறுபடியும் நம்ம எம்-45. மேன்கோசெப் சிதையும்போதும், காயில் ஒட்டியிருப்பது சமைக்கும் சூட்டில் உடையும்போதும், எத்திலீன் தயோயூரியா என்ற பொருள் உருவாகும். அது தைராய்டில் ஹார்மோனைக் கட்டும் என்சைமைத் தடுக்கும். எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது தைராய்டில் கட்டி வந்தது. கோஸ்டாரிகாவில் வாழைத் தோட்டங்களுக்கு விமானத்திலிருந்து இதைத் தெளிப்பார்கள். தோட்டத்தின் அருகே வாழும் கர்ப்பிணிகளின் சிறுநீரில் இந்தப் பொருள் மற்ற இடத்து மக்களைவிடப் பல மடங்கு அதிகம் இருந்தது. அதாவது தோட்டத்தில் வேலை செய்யவே வேண்டாம், பக்கத்தில் குடியிருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மேன்கோசெப் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. அதே 2020 மே மாதம் நம்ம மத்திய அரசும் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய ஒரு வரைவு ஆணை வெளியிட்டது. மேன்கோசெப் அந்தப் பட்டியலில் இருந்தது. 2023-ல் இறுதி ஆணை வந்தபோது முழுத் தடை விழுந்தது விரல் விட்டு எண்ணும் சில பெயர்களுக்குத்தான். எம்-45 இன்றும் கடையில் இருக்கு.

இந்த ரசாயனங்களில் சிலவற்றுக்கு எதிராக உடம்புக்கு ஒரு சாதாரணக் கேடயம் உண்டு. போதுமான அயோடின். அயோடின் குறைவாக உள்ள உடம்பில் பெர்குளோரேட் மாதிரிப் பொருள்களின் அடி பலமாக விழும். அயோடினுக்கு நம் நாட்டில் கிடைத்த வழி உப்பு. உணவுக்காக அயோடின் கலக்காத உப்பை விற்க 2006 மே மாதத்திலிருந்து நாடு முழுக்கத் தடை. நல்ல விஷயம். ஆனால் 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு உப்பில் குறைந்தது 15 பிபிஎம் அயோடின் இருக்க வேண்டும். நாடு முழுக்க 76.3 சதவீத வீடுகளில் அது இருந்தது. தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களிலேயே கடைசி இடம். தூத்துக்குடியை வைத்திருக்கும், நாட்டில் உப்பு விளைவிப்பதில் முன்வரிசையில் இருக்கும் மாநிலத்துக்கு இந்த நிலைமை.

காரணம் வறுமை மட்டும் இல்லை. நம்ம ஊரிலேயே பாருங்க. செங்கம் ரோடு பக்கம் நடந்தால் ஆர்கானிக் கடைகள். ஜவ்வாது மலைச் சாமை, மலைத்தேன், பக்கத்திலேயே கல்லுப்பு, இந்துப்பு. "இயற்கையானது, கெமிக்கல் கலக்காதது" என்று போட்டிருக்கும். அங்கே வாங்குபவருக்குப் பால், முட்டை, மீன் எல்லாம் கிடைக்கும், அயோடின் வேறு வழியில் வந்துவிடும். ஆனால் அந்த ஃபேஷன் கீழே இறங்கி வரும்போது, அயோடின் உப்பு கெட்டது என்ற வாட்ஸ்அப் செய்தியாக மாறி, சோறும் குழம்பும் மட்டும் சாப்பிடும் வீட்டுக்குப் போகிறது. மலையிலிருந்து சாமையை இறக்கி டவுனில் ஆர்கானிக் என்று விற்கிறோம். அதே மலைக் குழந்தைக்கு எந்த உப்பு போகுது என்று யாரும் பார்ப்பதில்லை. பணம் உள்ளவர் விஷத்தைத் தவிர்க்கக் காசு கொடுத்து ஒதுங்கிவிடலாம். வயல் ஓரத்தில் இருப்பவர் எங்கே ஒதுங்குவார்?

இதுக்கு வரும் எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். முதலாவது: "பழங்குடிக் குழந்தைகளுக்கு ரத்தசோகை, ஊட்டச்சத்துக் குறைவு, ரோடு இல்லை, சாதிச் சான்றிதழ் கிடைக்கலை. இதுல தைராய்டு வேற ஒரு பிரச்சனையா?" ஆனால் இவை தனித்தனிப் பிரச்சனைகள் இல்லை. தைராய்டு ஹார்மோனைக் கட்டும் என்சைமுக்கு இரும்புச்சத்து வேண்டும். ரத்தசோகை உள்ள குழந்தைக்கு அயோடின் கொடுத்தாலும் முழுசாகப் பயன்படாது. ஒரே குழந்தையின் உடம்பில் இரும்பு குறைவு, அயோடின் குறைவு, மேலே ரசாயனம் என்று மூன்றும் சேரும்போது எந்த ஒன்றையும் ஒத்திவைக்க முடியாது.

இரண்டாவது: "மருந்து அடிக்காம விவசாயம் பண்ண முடியுமா? விவசாயியைக் குற்றவாளி ஆக்குறீங்களா?" இல்லை. டிக்கா நோய் வந்தால் மல்லாட்டை போட்டவர் கடனாளி ஆகிவிடுவார். மாஸ்க் இல்லாமல் முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு முதலில் அதை மூச்சில் இழுப்பவரும் அவரோ அவர் கூலியாளோதான். கேள்வி கேட்க வேண்டியது ஒரு பொருளை வேறு நாடு நிறுத்திய பிறகும் இங்கே ஏன் எப்படி அனுமதிக்கிறோம் என்று முடிவு செய்பவர்களை. குடியிருப்பிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளித்தான் அடிக்கணும், அடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லணும் என்ற விதி விவசாயியையும் காப்பாற்றும்.

மூன்றாவது: "ஆதாரம் இல்லாம பயமுறுத்துறீங்க." அளந்து பார்க்கச் சொல்வது பயமுறுத்தல் ஆகாது. அளந்து ஒன்றும் இல்லை என்று வந்தால் எல்லாருக்கும் நிம்மதி. குழந்தையின் மேல் "படிப்பு ஏறாது" என்று எழுத யாரும் ஆதாரம் கேட்பதில்லையே.

அப்போ என்ன செய்யலாம்? அரசு செய்ய வேண்டியது முதலில். பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு கழுத்து வீக்கத்தைப் பார்க்கிறது. வீக்கம் தாமதமான அடையாளம். ஜவ்வாது மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் இருளர் குடியிருப்புகளிலும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையை வழக்கமான பரிசோதனையாக ஆக்க வேண்டும். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி ரத்தம் போதும், பிறவிக் குறைபாட்டைப் பிடித்துவிடலாம். கேரளா அரசு மருத்துவமனைகளில் இதைப் பல வருஷமாகச் செய்கிறது. நம்மால் ஏன் முடியாது?

நாம செய்யக்கூடியது உப்பு. ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைக் கண்டுபிடிக்க வின்க்ளர் முறை. தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டார்ச்சின் நீலம் மறையும்போது ரீடிங் எடுத்து, ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கி மறந்துபோனோம். உப்பில் எவ்வளவு அயோடின் இருக்கு என்று கண்டுபிடிப்பதும் அதே தயோசல்ஃபேட், அதே ஸ்டார்ச். நம்ம நாட்டு உப்பில் கலப்பது பொட்டாசியம் அயோடேட். கொஞ்சம் அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்தால் அது அயோடினாக வெளியே வரும். பியூரெட் நம்ம லேபிலேயே இருக்கு.

ஒவ்வொரு வருஷமும் என்எஸ்எஸ் ஏழு நாள் கேம்ப் போகிறோம். கோயில் சுத்தம் பண்றோம், மரக்கன்று நடுறோம், குரூப் போட்டோ எடுக்கிறோம். அடுத்த கேம்ப்பில் வீட்டுக்கு ஒரு ஸ்பூன் உப்பு வாங்கி வருவோம். கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட் மேம்களும் சார்களும் கூட இருந்தால் ஒரு வாரத்தில் நூறு மாதிரி முடிக்கலாம். பூச்சிக்கொல்லி அளக்கும் கருவி நம்மிடம் இல்லை, பரவாயில்லை. சிவில், சிஎஸ்இ நண்பர்கள் குடியிருப்பு எங்கே, கிணறு எங்கே, மருந்து அடிக்கும் வயல் எத்தனை மீட்டர் தூரம், எந்த மாதம் அடிக்கிறார்கள் என்று ஒரு மேப் போடலாம். பெரிய லேபுக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீரை முதலில் அனுப்பணும் என்பதை அந்த மேப் சொல்லிவிடும்.

ஒரே ஒரு நிபந்தனை, அது அக்வசாஸ்னே மக்கள் போட்டது. மாதிரி எடுப்பதற்கு முன் அந்த மக்களிடம் எதுக்கு என்று சொல்லி அனுமதி கேட்கணும். அங்கே படித்த பிள்ளைகள் யாராவது இருந்தால் அவர்களையும் குழுவில் சேர்க்கணும். ரிசல்ட் முதலில் போக வேண்டியது அந்த வீட்டுக்கும், அங்கே வரும் கிராம சுகாதார செவிலியருக்கும். நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவும் லிங்க்ட்இன் போஸ்ட்டும் அதுக்கு அப்புறம்.

இந்த வருஷ கேம்ப்புக்கு ஊரை முடிவு செய்யும் மீட்டிங் நடக்கும்போது, இருளர் குடியிருப்பு உள்ள ஒரு ஊரின் பெயரைச் சொல்லுங்கள். உப்பு போட்டு வைக்க நூறு சின்ன ஜிப் கவர் வேண்டும் என்று பட்ஜெட்டில் ஒரு வரி சேருங்கள். மொத்தமே ஒரு பிரியாணி காசுதான் ஆகும்.